ஐயனாரடியில் விட்டு வந்த பால்மாப் பை

கைக்குழந்தையோடு சைக்கிளில் தூரம் போகலாமா, போனால் எதை ஏற்றுவது, எதை வீட்டில் விடுவது என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். நான் போனது 1982 ஆனி மாதம். இவ்வளவு காலம் கழித்து எழுதுகிறேன். விடை இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

அப்போது வவுனியாவுக்குப் பக்கத்தில் நெளுக்குளத்தில் இருந்தோம். முள்ளியவளையில் என் கணவரின் அக்கா, என் மச்சாள், வீட்டில் ஒரு கிழமை நிற்பதாகத் திட்டம். பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் படிக்கிற காலத்தில் நான் ஓடிய சைக்கிள் கலியாணத்துக்குப் பிறகு சுவரோடு சாத்தியே கிடந்தது, இவருக்கும் ஆசை. மகளுக்கு ஏழு மாதம். காய்ச்சல் ஒன்று வந்துபோன பிறகு எனக்குப் பால் காணாது என்று ஒரு பயம். அளந்து பார்க்கவா முடியும்? பால்மாவும் கரைத்துக் கொடுத்து வந்தேன். காட்டு வழியில் பிள்ளை பசித்து அழுதால் என்ன செய்வேன்? மூட்டை முழுக்க அந்த யோசனையில்தான் பெருகியது.

பால்மாத் தகரப் பேணி, பால்போத்தல், சுடுதண்ணிப் போத்தல், பிள்ளைக்குக் கட்டப் பன்னிரண்டு துணி, நுளம்பு வலை. மச்சாள் முன்பே, "ஒண்டும் கொண்டு வராதேங்கோ, எல்லாம் இஞ்ச கிடக்கு" என்று சொல்லியிருந்தார். மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய பக்கத்து வீட்டுப் பார்வதி அக்காவோ, "பச்சப் புள்ளங்க, கம்பளி எடுத்தீங்களா?" என்று வேலிக்கு மேலால் கேட்டார். ஆனி வெயிலில் கம்பளி! அதையும் எடுத்தேன்.

இவர் தன் சைக்கிளைப் பிடித்துப் பார்த்தார். "இஞ்ச பாரும், முன்சில்லு எழும்புது. துணியையும் வலையையும் இறக்கும்."

"பிள்ளைக்கு நுளம்பு கடிச்சால்?"

"அப்ப என்னை இறக்கும்."

கம்பளி இறங்கியது. மற்றதெல்லாம் ஒரு நீலப் பையில் என் சைக்கிள் கைபிடியில் தொங்கியது. மகள் இவருடைய சைக்கிளில், முன்னால் கட்டிய பிரம்புக் கதிரையில்.

வழி இதுதான்: வவுனியா, புளியங்குளம், நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், முள்ளியவளை. நாற்பத்தைந்து கட்டை வரும், மைல் கணக்கில். புளியங்குளத்தில் கண்டி வீதியை விட்டுத் திரும்பினால் காடு. பாலை மரத்தடியில் ஓர் ஐயனார். போகிறவர்கள் எல்லாரும் இறங்கி, இலையோடு ஒரு குழை முறித்து அந்தப் பாலையின் தாழ்ந்த கிளையில் போட்டுவிட்டுத்தான் காட்டுக்குள் இறங்குவார்கள், போட்டால் யானை மறிக்காது என்பார்கள். நானும் இறங்கினேன். பையோடு நிறுத்தினால் சைக்கிள் சாய்ந்தது, குழை முறிக்க இரண்டு கையும் வேண்டுமே? பையைக் கிளையில் கொழுவினேன். குழையைப் போட்டு, கும்பிட்டு, ஏறி மிதித்தேன்.

நெடுங்கேணி வர முன்னமே மகள் அழத் தொடங்கியபோதுதான் கைபிடி வெறுமையாக இருப்பதைக் கண்டேன். நாலு கட்டை தாண்டியிருந்தோம். திரும்புவதா, நெடுங்கேணிக்கே போய்க் கடையில் கேட்பதா என்று நாங்கள் தடுமாறிக்கொண்டிருக்க, பின்னால் மீன்பெட்டி கட்டிய சைக்கிள் ஒன்று வந்தது. முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்த மீன்காரர், விற்றுவிட்டுத் திரும்புகிறார்.

"என்ன தங்கச்சி, பிள்ளைக்கு ஏலாதோ?"

"பால்மாப் பையை ஐயனாரடியில விட்டிட்டம் அண்ணை. கண்டனீங்களே?"

"நீலப் பையோ? ஓம், தொங்குது. நேர்த்திக்குக் கட்டினதாக்கும் எண்டு நானும் ஒரு குழை முறிச்சு அதுக்கு மேல போட்டிட்டெல்லே வாறன்!"

இவர் அந்த அண்ணையின் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார்.

"யானை சமயம் பாக்காது தம்பி" என்றார் அவர்.

இவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஓடினார். அண்ணை, "நீங்கள் பிள்ளையைப் பாருங்கோ" என்று முதுகைக் காட்டிக்கொண்டு றோட்டோரம் காவல் நின்றார். மரத்தடியில் குந்தியிருந்து மகளை அணைத்தேன். வேறு வழி? குடித்தாள். மறுபக்கமும் குடித்தாள். பிறகு நித்திரையானாள்.

"படுத்திட்டாவோ?"

"ஓம்."

"அப்ப வயிறு நிறைஞ்சிட்டுது."

"பசியில களைச்சும் படுப்பினம்தானே அண்ணை?"

"அதும் ஓம்தான்."

இவர் வந்தார். பால்மாப் பேணியும் இரண்டு போத்தலும் மட்டும்.

"பை எங்க?"

"ஆரோ பைக்குக் கீழ சூடமும் கொளுத்தியிருக்கினம். முழுக்கத் தூக்க மனம் வரேல்லை. இதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அவருக்கு விட்டிட்டன்."

காலையில் அதே துணியையும் வலையையும் இறக்கச் சொன்னவர் இவர். பக்தியா, பாரமா? எனக்கு விளங்கவேயில்லை. மீன்காரர் சிரித்தார்: "ஐயனாருக்கும் நுளம்பு கடிக்கும்தானே!"

பொழுதுபட முன்னமே முள்ளியவளை போய்ச் சேர்ந்தோம். மச்சாள் பழஞ்சேலை இரண்டைக் கிழித்துத் துணியாக்கினார். வலையும் அங்கே இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: கைபிடியில் பை தொங்கவிடாதீர்கள், கரியரில் கட்டுங்கள். போகிற வீட்டில் இருப்பதைச் சுமக்காதீர்கள். ஆனி, ஆடியில் இந்த வழியால் போகும்போது தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று முதுகில் தள்ளும். வரும்போது முகத்தில் அடிக்கும், அதற்கேற்ப விடிய வெள்ளெனப் புறப்படுங்கள்.

பால்மாவைப் பற்றித்தான் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கிழமை முழுக்க மகள் என்னிடமே குடித்தாள். திரும்புகிற அன்று மச்சாள், "உதேன் பாரம், வைச்சிட்டுப் போங்கோவன்" என்றார். நியாயம்தான். பேணியை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். கடைசியில் என் கரியரிலேயே கட்டிக்கொண்டேன். வழி நெடுகக் காற்று முகத்தில் அடித்தது. பேணியைத் திறக்க வேண்டி வரவேயில்லை. அது இல்லாமல் மிதித்திருப்பேனா என்று கேட்டால், தெரியாது.