கருநீலத் துணியும் நான் தள்ளிய தாளும்

மலேசியாவில், பத்து பாகாட் நகரில் நான் வேலை பார்க்கும் துணி ஆலையில் அறிவுக் களஞ்சியம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அவரவருக்குத் தெரிந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஆள் போனாலும் அறிவு போகக் கூடாது என்றார் மேனேஜர். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆளுக்கு மாதம் ஐந்து பதிவு என்று கட்டாயமாக்கியதும் எல்லாம் குப்பையானது. ஒருவர் ஒரே தீயணைப்பானை ஐந்து பக்கத்திலிருந்து படமெடுத்துப் போட்டார். நான் கேண்டீன் திறக்கும் நேரத்தைப் போட்டேன். தரப் பிரிவில் இருந்ததால் பதிவுகளைச் சரிபார்க்கும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது.

சாயப் பிரிவில் ஓர் அக்கா இருந்தார். செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். பதினெட்டு வருடம் சாயத் தொட்டியருகே நின்றவர். ஒருநாள் கைப்பட எழுதிய தாளொன்றை என் மேசையில் வைத்தார். பாதி தமிழ், பாதி மலாய்.

“பெரிய மழை பேஞ்சா ஆத்துத் தண்ணியில செம்மண் வந்துடும்மா. ஃபில்டர் தாங்காது. அன்னிக்குக் கருநீலம் போட்டா துணி திட்டுத் திட்டா ஆயிடும். சின்னத் துண்டுல முக்கிப் பாத்துட்டுதான் போடணும். இத டைப் பண்ணி ஏத்திடு லா.”

“இங்கிலீஷ்ல ஃபார்ம் இருக்குக்கா. அப்புறம் பண்றேன்” என்றேன். பண்ணவில்லை. தாளைப் படமெடுத்து ஏற்றினேன். மாதக் கடைசியில், படிவத்தில் இல்லாததையெல்லாம் தள்ளச் சொன்னார்கள். தள்ளினேன்.

அக்கா சிங்கப்பூர் வேலைக்குப் போனார். கேக் வெட்டி அனுப்பினோம். தொட்டியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆண்டுக் கடைசி மழையில் ஒரு லோட் கருநீலம் முழுக்கப் பாழானது. சொறி பிடித்த தோல் போலக் கிடந்தது துணி. மீட்டிங்கில் மேனேஜர் கத்தினார்: “இத ஏன் யாருமே எழுதி வைக்கல?”

“அக்கா எழுதியிருக்காங்க சார். நாங்கதான் தள்ளிட்டோம்” என்றேன்.

மீட்டிங் முடிந்ததும் அவர் அறையில், தள்ளிய பதிவுகளின் பட்டியலில் கிடந்த அந்தத் தாளின் படத்தைத் திறந்து காட்டினேன். படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். “ஆடிட் வருதும்மா. இது இருந்தா தெரிஞ்சே விட்டோம்னு ஆயிடும். அழிச்சிடுங்க.”

அவர் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஆனால் அழித்தது என் கைதான்.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்து, தாளில் எழுதியிருந்ததைத் திரும்பக் கேட்டேன். பொறுமையாக எல்லாம் சொன்னார். “எழுதிக் குடுத்தேனேம்மா, தொலைஞ்சிடுச்சா?”

“தொலைஞ்சிடுச்சுக்கா.”

இந்த முறை படிவத்தில் அழகாக டைப் அடித்தேன். எழுதியவர் என்ற இடத்தில் மேனேஜர் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். தலைமை அலுவலகம் அதையே சிறந்த பதிவு என்று தேர்ந்தெடுத்துச் சான்றிதழ் அனுப்பியது. படமெடுக்க அவர் பக்கத்தில் என்னையும் நிற்கச் சொன்னார்கள். நின்றேன். படத்தில் நன்றாகவே சிரித்திருக்கிறேன்.