முதல் முத்தத்துக்கு விழுந்த சீட்டு

நார்ஃபோக் துறைமுகத்துப் போர்க்கப்பல் ஒன்றில் ரொட்டி சுடுகிறவன் வெர்னான் டப்ஸ். அவனுக்கு ஆண்கள் மேல்தான் நாட்டம் என்பது கப்பலில் இருந்த முந்நூறு பேருக்கும் தெரியும். தெரியாததுபோல் இருப்பதுதான் அப்போது சட்டம். மேலே உள்ளவர்கள் கேட்கக் கூடாது, அவன் சொல்லக் கூடாது. வாய்தவறிச் சொல்லிவிட்டால் சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டைப் பார்க்கப் போக வேண்டியதுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்பார்களே, அதை முந்நூறு பேர் சேர்ந்து சோறு அள்ளிப் போட்டுச் செய்துகொண்டிருந்தார்கள்.

நல்ல மனதால் செய்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். எல்லாம் அவன் சுடுகிற இலவங்கப்பட்டை ரொட்டிக்காகத்தான். ஞாயிற்றுக்கிழமை அந்த வாசனை எழும்பினால் இயந்திர அறையில் சண்டை நின்றுவிடும். ஏவுகணை ஒன்று குறைந்தாலும் சமாளிக்கலாம், டப்ஸ் போனால் கப்பல் தாங்காது என்று கேப்டனே சொல்லியிருக்கிறார்.

வெர்னானோடு ஒன்பது வருடமாகக் குடும்பம் நடத்துகிறவன் ஓடிஸ். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன். கப்பல் திரும்பும் நாளில் மற்றவர்களின் மனைவிமார் கொடியும் குழந்தையுமாகக் கரையில் நிற்பார்கள். ஓடிஸ் வேலிக்கு அப்பால், கார் நிறுத்துமிடத்தில், கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பான். இந்தத் தடவை கப்பல் கிளம்புவதற்கு முன்பு அவன் சொல்லிவிட்டான்.

"இனிமே வாடகைக் கார்க்காரன் மாதிரி வெளிய காத்துக் கிடக்க என்னால ஆகாது, வெர்னான். ஒரு தடவையாவது எல்லார் முன்னாலயும் வந்து என்னைக் கட்டிப் புடி. முடியலன்னா சொல்லிடு, நான் என் வழியப் பாத்துக்கறேன்."

"பென்ஷனுக்கு இன்னும் மூணு வருஷம்தான்டா இருக்கு."

"எனக்கு அவ்வளவு பொறுமை இல்ல."

ஏழு மாதம் கடலில் கிடந்தும் அந்தப் பேச்சு அவன் காதை விட்டுப் போகவில்லை.

கப்பல் ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம் சீட்டுக் குலுக்குவது அங்கே வழக்கம். யார் பேர் விழுகிறதோ அவன்தான் முதலில் கரை இறங்கலாம். காத்திருப்பவருக்கு ஊரே கைதட்ட முதல் முத்தம் கொடுக்கலாம். செய்தித்தாளில் படமும் வரும். சீட்டு வாங்காவிட்டால் ஏன் வாங்கவில்லை என்று எவனாவது யோசிப்பானே என்று பயந்து, வெர்னான் ஒவ்வொரு தடவையும் எல்லாரையும்விட அதிகமாக வாங்குவான். அதற்கு முன்பு ஒரு தடவையும் விழுந்ததில்லை. இந்தத் தடவை விழுந்துவிட்டது. வேலியில் போன ஓணானை அவனே எடுத்து மடியில் விட்டுக்கொண்டான்.

பேர் வாசித்ததும் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு கரண்டிச் சத்தம் இல்லை. பிறகு எல்லாரும் அளவுக்கு மேலேயே கைதட்டினார்கள்.

சமையலறைக்குத் தலைவர் சீஃப் மலோய். அவர் வியர்த்து வழிந்து ரொட்டி அறைக்கு ஓடி வந்தார்.

"சீஃப், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான் வெர்னான்.

மலோய் சட்டென்று மாவு பிசைகிற இயந்திரத்தைப் போட்டுவிட்டார். அது கிணற்றுக்குள் லாரி ஓட்டுகிற மாதிரி இரைந்தது.

"இப்போ சொல்லு" என்று கத்தினார்.

"காதுல விழாதே, சீஃப்."

"அதுக்குத்தானே போட்டேன். உன் சார்பா கரையில நிக்கப் போறவங்க பேரு மட்டும் சொல்லு. முதல் பேரு வேணாம், குடும்பப் பேரு போதும்."

"பிராட்னாக்ஸ்" என்று ஓடிஸின் குடும்பப் பேரைச் சொன்னான் வெர்னான்.

"நல்ல பேரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாத. என் மச்சினி ஒருத்தி இருக்கா, அவ வேணா வந்து நிப்பா, சொல்லவா?"

"வேணாம், சீஃப். பிராட்னாக்ஸே வரட்டும்."

சொன்ன பிறகுதான் வெர்னானுக்கே தெரிந்தது, தான் முடிவு எடுத்துவிட்டோம் என்று. பென்ஷன் போனால் போகட்டும். ஓடிஸ் போனால் தாங்காது.

அன்றைக்கே மலோயும் கேப்டனும் கதவைச் சாத்திக்கொண்டு கூடிப் பேசினார்கள். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை மட்டும் இருவருமே சொல்லவில்லை. கடைசியில் கேப்டன் ஒரு வழி கண்டுபிடித்தார். டப்ஸ் கரையில் கால் வைத்ததும் வாத்தியக்காரர்கள் தேசிய கீதம் வாசிக்க வேண்டும். கொடி இருப்பது கப்பலின் பின்கோடியில். கீதம் முடிகிறவரை கப்பலில் இருப்பவர்களும் கரையில் இருப்பவர்களும் அந்தப் பக்கம்தான் திரும்பி நிற்க வேண்டும். பிராட்னாக்ஸை முன்பக்கம் நிறுத்திவிட்டால் எவன் கண்ணிலும் எதுவும் படாது. கண்ணில் படாததற்கு எவன் சாட்சி சொல்லுவான்?

"பிரமாதம், சார்" என்றார் மலோய். "டப்ஸுகிட்ட சொல்லிடட்டுமா?"

"என்னன்னு சொல்லுவே? சொன்னா நமக்குத் தெரியும்னு ஆயிடும். நமக்குத்தான் எதுவும் தெரியாதே."

அதுவும் நியாயம்தான் என்று மலோய் வாயை மூடிக்கொண்டார்.

கப்பல் கரை சேர்ந்த காலையில் ஓடிஸ் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தான். வேலிக்கு இந்தப் பக்கம் வந்து நிற்பது அவனுக்கு அதுதான் முதல் தடவை. வெர்னான் பாலத்தில் இறங்கினான். கால் தயங்கவில்லை. ஓடிஸ் இரண்டு கையையும் விரித்தான். இன்னும் நான்கே எட்டு.

மேளம் அதிர்ந்தது.

பதினேழு வருடப் பழக்கம். வெர்னான் யோசிக்கவே இல்லை, உடம்பு தானாகத் திரும்பியது. கொடியைப் பார்த்து விறைத்து நின்று சல்யூட் அடித்தான். கப்பலில் முந்நூறு பேரும், கரையில் மனைவிமாரும், செய்தித்தாள் படக்காரனும் அந்தப் பக்கமே திரும்பி நின்றார்கள். அந்தத் துறைமுகத்திலேயே கொடியைப் பார்க்காமல் நின்றவன் ஓடிஸ் ஒருவன்தான். எவனும் தங்களைப் பார்க்கவில்லை என்று கண்டுகொண்டவனும் அவன்தான். விரித்த கையோடு வெர்னானின் பிடரியையே பார்த்துக்கொண்டு கீதம் முடிகிறவரை நின்றான்.

முடிந்ததும் ஆயிரம் கண்கள் இந்தப் பக்கம் திரும்பின. சேர்த்து வைத்த தைரியமெல்லாம் வெர்னானுக்கு எங்கேயோ வடிந்துவிட்டது. கையை நீட்டினான். ஓடிஸ் கையைக் குலுக்கினான்.

"நல்லபடியா வந்து சேந்தியே, சந்தோஷம்" என்றான். சொல்லிவிட்டு கார் நிறுத்துமிடத்தைப் பார்த்து நடந்தான்.

காரியம் முடிந்து கை குலுக்குகிறார்கள் என்று நினைத்துக் கப்பலே விசிலடித்தது. மலோய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதன்பிறகு கப்பலில் எல்லாருக்கும் ஒரே அரிப்பு, எப்படி நடந்தது, எவ்வளவு நேரம் நடந்தது என்று. கேட்கத்தான் கூடாதே.

இரண்டு வருடத்தில் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். அதற்கடுத்த வருடம் வெர்னான் முழுப் பென்ஷனோடு ஓய்வு பெற்றான். விருந்தில் மலோய் கேக் தட்டோடு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்போ கேக்கலாம்ல? அன்னிக்கு என்னதான்டா பண்ணினீங்க ரெண்டு பேரும்?"

"என்னிக்கு, சீஃப்?"

"பாட்டுப் போட்டமே, அன்னிக்குத்தான். கேப்டனும் நானும் மண்டைய உடைச்சுப் போட்ட திட்டம்டா அது. உங்க ரெண்டு பேருக்காகத்தான் போட்டோம்."

வெர்னான் கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"நான் சல்யூட் அடிச்சேன், சீஃப்."

மலோய்க்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. "அப்போ பிராட்னாக்ஸ்?"

"அந்த வாரமே போயிட்டான். அட்லாண்டாவுல இருக்கானாம்." வெர்னான் மலோயைத் திரும்பிப் பார்த்தான். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சீஃப்."

"சொல்லக் கூடாதேடா" என்றார் மலோய்.