அட்டைப்படத்தில் எங்கப்பா

எழுகடலும் வியக்கும் என் குடும்ப சரித்திரம் இன்று அச்சாகி வந்தது. இருநூறு பிரதிகள். அட்டையில் எங்கப்பாவின் ஒரே புகைப்படம். பழைய துறைமுகத்தில் தோணி முதலாளிக்குப் பின்னால் நிற்கிறார்.

அதாவது, நின்றார்.

அட்டை செய்த ஸ்டுடியோவுக்கு ராக்கெட்டாகப் பறந்தேன்.

"ஏலே, பின்னால நின்ன ஆள எங்க?"

"இடைஞ்சலா இருந்தாரு அண்ணாச்சி, அழிச்சிட்டேன்."

"அவருதாம்ல எங்கப்பா!"

ஸ்டுடியோக்காரன் முழித்தான். "அப்பா கடலையே கட்டி ஆண்டாருன்னு நீங்கதான எழுதிருக்கிய? முன்னால கோட்டு போட்டு நிக்கவருன்னு நெனச்சேன்."

அப்பா அந்த முதலாளியின் தோணியில் மூட்டை தூக்கினார் என்று ஒரு வரி உண்மையை எழுதியிருக்கலாம்.

புத்தகம் கேட்டவர்களே, அட்டையில் ஜம்மென்று நிற்பவர் முதலாளி. அவருக்குப் பின்னால் தெரியும் வெற்று வானம்தான் எங்கப்பா. யாருக்கெல்லாம் பிரதி வேண்டும்?