பல்செட் அக்காவின் இழைப்புளிகள்

பழைய டூத்பிரஷை வைத்துத் திருகாணியின் மரைகளைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். மேல் பக்கம், கீழ்ப் பக்கம், இடுக்கு என்று பல் விளக்குகிற அதே ஒழுங்கு. நாலு தேய்ப்புக்கு ஒரு தரம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார். திருப்தி இல்லை. "இன்னும் கறை இருக்கு. போ, கொப்புளிச்சிட்டு வா" என்று அதை மண்ணெண்ணெய்க் கிண்ணத்துக்குள் திரும்பப் போடுகிறார்.

எங்கள் குடியிருப்பில் அவர் பல்செட் அக்கா. ஐம்பத்து மூன்று வயது. பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் கூடத்தில் இருபத்தாறு வருடமாக வேலை. பகல் முழுக்க மெழுகும் மாவுக்கட்டும் இளஞ்சிவப்பு ஈறும். மாலை ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்து, காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு துணி துவைக்கும் அறைக்குள் நுழைந்தால், அப்புறம் துருதான். வாஷிங் மெஷினின் மேல் ஒரு கனமான பலகை; அதுதான் பட்டறை. துணி துவைக்கிற நாளில் பட்டறைக்கு விடுமுறை. பள்ளி வேன் ஓட்டும் அவருடைய கணவர் இதைப் பற்றி ஒரே ஒரு குறைதான் சொல்வார்: "இந்த வீட்ல எனக்கு ஒரு டூத்பிரஷ், இரும்புக்குப் பதினாலு."

எல்லாம் ஒரு குளியலறைக் கதவால் வந்தது. மழையில் உப்பிப்போய் மூடவே மாட்டேன் என்றது. "இதோ வந்துட்டேன்" என்ற தச்சர் மூன்று வாரம் வந்துகொண்டே இருந்தார். பொறுமையிழந்த அக்கா பழைய இரும்புக் கடையில், மரத்தைச் சீவி வழவழப்பாக்கும் ஓர் இழைப்புளியைக் கண்டெடுத்தார். அதன் அலகால் யாரோ பெயின்ட் டப்பா திறந்திருந்தார்கள். ஒன்பது நாள் உட்கார்ந்து அதைச் சரிசெய்து, கதவின் விளிம்பை இழைத்தார். "கதவு சரியாயிடுச்சு. எனக்குத்தான் இன்னும் சரியாகல" என்கிறார்.

இப்போது அலமாரியில் நாற்பத்தொரு இழைப்புளிகள். மான்கொம்பு, இரட்டைச் சாவி, நங்கூரம் என்று கம்பெனிவாரியாக வரிசை. ஒவ்வொரு கம்பெனியும் எந்த வருடம் எந்த முத்திரையைக் குத்தியது, எப்போது பித்தளைத் திருகை விட்டு இரும்புக்கு மாறியது என்பதெல்லாம் மனப்பாடம். அலகை வினிகரில் ஓர் இரவு ஊறவைப்பார். மறுநாள் சோடா மாவுத் தண்ணீரில் கழுவி, ஹேர் டிரையரால் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் எண்ணெய் பூசிவிடுவார். விளிம்பைக் கூர் தீட்டி, அதோடு நிறுத்திக்கொள்வார். தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்குகிறவர்களைக் கண்டால் ஆகாது. "பல்லை ரொம்ப வெள்ளையா செஞ்சு குடுத்தா சிரிக்கிறப்போ பொய்னு தெரிஞ்சிடும். இரும்பும் அப்படித்தான். வயசுக்குத் தகுந்த நிறம் இருக்கணும்."

வாயைக் கட்டிப்போடத் தெரியாது. பழைய கருவி சேர்ப்பவர்கள் மாதம் ஒருமுறை கூடும் இடத்தில், ஒரு வங்கி அதிகாரி பட்டுத் துணியில் சுற்றி எடுத்து வந்த இழைப்புளியைப் புரட்டிப் பார்த்து, "சார், இது ஒண்ணு இல்ல, மூணு. செத்துப்போன மூணை வெச்சு ஒண்ணு பண்ணியிருக்காங்க" என்று சொல்லிவிட்டார். அந்த அதிகாரி ஒரு வருடமாக அவரிடம் பேசுவதில்லை.

அப்படிப்பட்டவர் சென்ற வருடம் பதினைந்து நாள் வாய் திறக்காமல் இருந்தார்.

மூன்றாவது தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கும் பெண், துண்டில் சுற்றிய ஓர் இழைப்புளியோடு வந்தாள். அவளுடைய அப்பா தச்சர். அவளுக்கு மூன்று வயதாகும்போதே போய்விட்டார். முகம்கூட நினைவில்லை. "அப்பா கை பட்டதுன்னு எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான்க்கா. புது வீட்டுக்குப் போறோம். கூடத்துல கண்ணாடிப் பெட்டி போட்டு வைக்கணும். அழகா பண்ணிக் குடுங்க." அவர் இறந்த வருடத்தையும் அவளே சொன்னாள். பெட்டியில் பொறிக்க வேண்டுமாம்.

வினிகரிலிருந்து அலகை எடுத்துத் துடைத்தபோது அக்காவின் கை நின்றுவிட்டது. மான்கொம்பு கம்பெனி ஆரம்பத்தில் முழு மானையும் முத்திரையாகக் குத்தியது. பிறகுதான் வெறும் தலையும் கொம்புமாகக் குறுக்கினார்கள். துருவுக்கு அடியிலிருந்து தலை மட்டும் எட்டிப் பார்த்தது. அந்த முத்திரை வந்தது அவளுடைய அப்பா இறந்து ஐந்து வருடம் கழித்து. அலகை மட்டும் மாற்றியிருப்பார்களோ என்று, அலகைத் தாங்கும் இரும்பு அடிக்கட்டையைக் கழுவிப் பார்த்தார். அதிலும் தலைதான். கைப்பிடி மட்டும் வேறு மரம். அதைப் பொருத்துவதற்காகத் துளையை அரத்தால் ராவி அகலமாக்கியிருந்தார்கள். கைப்பிடியின் இரண்டு பக்கமும் கட்டைவிரல் தேய்த்த பள்ளம். வலது கைக்காரர் பிடித்தால் ஒரு பக்கம்தான் தேயும். இன்னொரு பக்கத்தை ஓர் இடது கைக்காரர் பல வருடம் தேய்த்திருக்கிறார்.

பதினைந்து நாள் அந்த இழைப்புளி சாப்பாட்டு மேசையில் கிடந்தது. கணவர் தட்டை அதற்குப் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டார்.

"பேசாம குடுத்துடு. அந்தப் பொண்ணு சந்தோஷப்பட்டா யாருக்கு என்ன நஷ்டம்?"

"கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறாங்க. நாளைக்கு என்னை மாதிரி ஒரு வாயாடி வந்து பார்த்து, பத்துப் பேர் முன்னாடி சொன்னா?"

"அதுக்காக நீ சொல்லணுமா?"

"அதுதான் புரியலைங்க" என்றார் அக்கா. அவருக்கு ஒன்று புரியவில்லை என்று அவர் வாயாலேயே கேட்டது தனக்கு அதுதான் முதல் தடவை என்று கணவர் பிறகு என்னிடம் சொன்னார்.

கடைசியில் சொல்லிவிட்டார். முத்திரையைக் காட்டினார், வருடத்தைச் சொன்னார், கைப்பிடியின் இரண்டு பள்ளங்களையும் காட்டினார். "ஒரு இடது கைக்காரங்க இதை ரொம்ப நாள் புழங்கியிருக்காங்கம்மா." அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. "அழகா பண்ணிக் குடுங்கன்னுதானே சொன்னேன்? எங்கப்பாவைப் பத்தி நீங்க எனக்குச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு, இழைப்புளியைக்கூட எடுக்காமல் படியிறங்கிப் போனாள். அன்று அக்கா பட்டறைப் பக்கம் போகவில்லை.

மூன்றாம் நாள் போன் வந்தது. "அக்கா, எங்கம்மா காய் நறுக்கிட்டிருந்தாங்க. பார்த்துக்கிட்டே இருந்தேன். அவங்க இடது கைக்காரங்கக்கா."

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாயும் மகளும் வந்தார்கள். எதிர்வீட்டுக்காரன் என்ற உரிமையில் நானும் அங்கே இருந்தேன். அம்மாவுக்கு எழுபதை ஒட்டிய வயது, ஒல்லியான உடம்பு. மகளின் முகத்தைப் பார்க்காமல் அக்காவிடமே பேசினார்.

"அவர் போனப்புறம் படத்துக்குச் சட்டம் போடற கடையில சேர்ந்தேன். இவ நான் முன்னாடி உக்காந்து பில் போட்டேன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. பின்னாடி ரூம்ல பதினோரு வருஷம் சட்டம் இழைச்சேன். அவரோட இழைப்புளியாலதான். ஒரு நாள் கை தவறிக் கீழ விழுந்து, அடிக்கட்டை ரெண்டா வெடிச்சிடுச்சு. முதலாளி வேற ஒண்ணு குடுத்தார். அது கையில ஒட்டவே இல்ல. அவர் கைப்பிடியைக் கழட்டி, துளையை ராவி, இதுல மாட்டிக்கிட்டேன்."

"ஏம்மா எங்கிட்ட சொல்லவே இல்ல?" என்றாள் மகள்.

"கடையை மூடினப்போ வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பாவோடதான்னு கேட்டே. ஆமான்னேன். கைப்பிடி அவரோடதுதானே? நீ அதை எடுத்து மடியில வெச்சுக்கிட்டு, அப்பா அப்பான்னு தடவிக்கிட்டிருந்தே. அதுல நான் எங்க வந்து நிக்கிறது?"

மகள் கைப்பிடியின் இரண்டு பள்ளங்களையும் ஒரு விரலால் மாறி மாறித் தொட்டாள். பிறகு இழைப்புளியை எடுத்து அம்மாவின் முன்னால் நீட்டினாள். "எப்படிம்மா இழைப்பே? காட்டு."

"போடி, இத்தனை வயசுக்கு மேல" என்றார் அம்மா. ஆனால் கை அதற்குள் நீண்டிருந்தது. கட்டைவிரல் தேடாமலே போய்த் தன் பள்ளத்தில் உட்கார்ந்தது. அலகை நகத்தில் வைத்துக் கூர் பார்த்தார். "நல்லாத் தீட்டியிருக்கீங்க" என்று அக்காவிடம் சொன்னார்.

பல்செட் அக்கா எல்லோரையும் துணி துவைக்கும் அறைக்கு அழைத்துப்போய், பட்டறைப் பலகையில் இருந்த இரும்புப் பிடியில் ஒரு மரத்துண்டை இறுக்கினார். அந்த அம்மா வந்து நிற்கட்டும் என்று தன் இடத்திலிருந்து விலகினார். பிறகு, இடது கையின் நிழல் மரத்தின்மேல் விழாமலிருக்க, விளக்கை எடுத்து வலது பக்கமாக நகர்த்தி வைத்தார்.