அறுபத்து நான்கில் ஒன்று

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு 'மில்லிமீட்டர்' என்று பெயர். மயிரிழை பிசகினாலும் மறுபடி அளப்பார். பதினெட்டு வருஷமாக ஆன்டெனா அளப்பதுதான் பிழைப்பு.

அந்த முறை வந்தது புதுத் தலைமுறைக் கைபேசிக் கோபுரத்துக்கான பலகை. அதில் அறுபத்து நான்கு குட்டி ஆன்டெனாக்கள். கைபேசிக்காரர் நடக்க நடக்க, எல்லாம் கூடி அலையை அவர் பக்கமே திருப்பும். சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சுக் கூம்புகள் ஒட்டிய சோதனை அறையில் அதை மாட்டினார். அவசரம். அளவோடு முறுக்கும் ஸ்பேனரைத் தேடப் பொறுமையில்லை. கைக்குக் கிடைத்த ஸ்பேனரால், கேபிளைப் பலகையோடு இணைக்கும் கனெக்டரை இறுக்கினார். 'டிக்' என்றது. கேட்டும் கேட்காததுபோல் இருந்துவிட்டார்.

சோதித்தால், இருபத்து மூன்றாவது ஆன்டெனா செத்துக் கிடந்தது.

"என்னாச்சு?" என்றார் தலைமைப் பொறியாளர்.

"சால்டர் சரியாப் பிடிக்கலை போலிருக்கு சார்."

வாய் முந்திக்கொண்டது. பலகையில் ஈயம் உருக்கி சால்டர் வைத்த அக்காவை மறுநாளே பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள்.

கொடுமை என்னவென்றால், சோதனையில் பலகை ஜெயித்துவிட்டது. மீதி அறுபத்து மூன்றும் தங்களைத் தாங்களே திருத்திக்கொண்டு அலையைச் சரியான திசைக்கே அனுப்பின. "ஒண்ணு போனதே வெளியே தெரியலை பாருங்க," என்று தலைமைப் பொறியாளர் முதுகில் தட்டினார். தட்டிய இடம் சுட்டது. வீட்டில் மனைவி, "யார் மேல கோபம்?" என்று கேட்டபோது பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

ஒரு மாதம் தாங்கினார். பிறகு கனெக்டரைக் கழற்றி நுண்ணோக்கியில் வைத்தார். சால்டர் கண்ணாடிபோல் குறையில்லாமல் இருந்தது. கனெக்டருக்குள் இருந்த ஊசிதான் உடைந்திருந்தது.

"உடைச்சது நான்தான் சார்."

"அறிக்கை போயாச்சே. இப்ப எதுக்குக் கிளறுறீங்க?"

"அக்கா பேர் அதுல இருக்கு சார்."

திருத்தம் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, பெட்டி கட்டும் பகுதிக்குப் போனார். அக்கா டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். மில்லிமீட்டர் சொன்னதையெல்லாம் கை நிற்காமல் கேட்டார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும். என் கை வேலை எனக்குத் தெரியாதா? நீங்களே சொல்வீங்கன்னு ஒரு வாரம் பார்த்தேன். அப்புறம் பார்க்கிறதை விட்டுட்டேன்."

மில்லிமீட்டரால் தரையைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

அடுத்த வாரம் அக்கா பழைய நாற்காலிக்குத் திரும்பினார். வேலையில் குறையில்லை, பேச்சிலும் குறையில்லை. பன்னிரண்டு வருஷமாக 'தம்பி' என்றவர், இப்போது 'சார்' என்கிறார். அதை மாற்றச் சொல்ல மில்லிமீட்டருக்கு வாய் வரவில்லை.