சைகோன் கவரும் நான்கு தபால்தலைகளும்

புதுக்கோட்டையில் தபால்தலை சேர்ப்பவர் ஒருவர் என் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே வந்து வியட்நாம் பக்கத்தில் நின்றார். பானை, கூடை, தறி என்று அந்த நாட்டுக் கைத்தொழில்களைக் காட்டும் நான்கு தலைகள். "முழு செட்டு. ஆனா கவரோட வச்சிருந்தீங்கன்னா மதிப்பே வேற சார்" என்றார். ஆல்பத்தை வாங்கி மூடிவிட்டேன். வந்த விருந்தாளிக்கு ஒரு டீ கூடச் சொல்லவில்லை. கவரின் மதிப்பை எனக்கு அவர் சொல்ல வேண்டியதில்லை.

அறுபதுகளின் கடைசியில் நான் கறம்பக்குடியில் பள்ளிக்கூட வாத்தியார். கல்யாணமான அக்கா தன் பிள்ளைகளோடு எங்கள் வீட்டில்தான் இருந்தாள். மச்சான் சைகோனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் பாதி ஆம்பிளைகள் கடலுக்கு அந்தப்பக்கம் என்பதால் இதில் யாருக்கும் அதிசயம் இல்லை. எனக்கு ஸ்டாம்பு கிறுக்கு என்று தெரிந்து மச்சான் ஒவ்வொரு கடிதத்திலும் புதுப்புதுத் தலையாகப் பார்த்து ஒட்டி அனுப்புவார். "மாப்பிள்ளைக்காகத் தேடி வாங்கினேன்" என்று ஓரத்தில் ஒரு வரியும் இருக்கும்.

வீட்டில் ஓர் ஏற்பாடு இருந்தது. கடிதம் வந்தால் அக்கா பக்கவாட்டில் கிழித்து, உள்ளே இருப்பதை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள். பெற்ற அத்தா முன்னால் புருஷன் கடிதத்தைப் பிரிக்க மாட்டாள். சமையல், தொழுகை எல்லாம் முடித்துப் பிள்ளைகளும் தூங்கிய பிறகுதான் படிப்பாள். கவர் எனக்கு. அவளுக்குத் தமிழ் நன்றாக எழுத வரும். பதிலை அவளே எழுதி ஒட்டித் தருவாள், மேலே இங்கிலீஷில் விலாசம் எழுதுவது மட்டும் என் வேலை. வருஷக்கணக்காக எழுதியதில் சைகோன் தெருவும் கடை நம்பரும் எனக்கு மனப்பாடம். கவரைப் பார்த்து எழுதும் வழக்கமே விட்டுப்போயிற்று.

அந்தக் கைத்தொழில் வரிசையில் மூன்று வந்துவிட்டன. நாலாவதற்காக நான் மாதக்கணக்கில் தவமிருந்தேன். அதற்குள் சண்டை சைகோனுக்குள்ளேயே வந்துவிட்டதாக ரேடியோ சொன்னது. கடிதம் நின்றது. அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. நானும் கவலைப்பட்டேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கவலைக்குள்ளேயே நாலாவது தலையும் உட்கார்ந்திருந்தது. அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஞாயிறு என்றும் பாராமல் தபால்காரர் முந்தின நாள் தபாலைக் கொண்டுவந்து கொடுத்தார். மச்சான் கையெழுத்துதான். அக்கா கிழித்து, கடிதத்தைச் செருகிக்கொண்டு, கவரை என்னிடம் நீட்டினாள். நாலாவது தலை. கத்தரித்தால் தபால்தலையின் ஓரத்துப் பல்லில் பட்டுவிடுமே என்று கவரை முழுசாக ஒரு கும்பாத் தண்ணீரில் போட்டேன். பின்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. தலை மிதந்து வந்ததும் எடுத்துப் பழைய நியூஸ் பேப்பரில் வைத்தேன். பேனா மை கரைந்து தண்ணீர் நீலமாகியிருந்தது. அதைக் கருவேப்பிலைச் செடியில் ஊற்றினேன்.

இரவு வரை பொறுக்காமல் படித்துவிட்டு, மத்தியானமே அக்கா ஓடிவந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. அவளை அப்படிப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

"தம்பி, மச்சான் நல்லாருக்காங்களாம். கடை எரிஞ்சுபோச்சாம், வேற ஊருக்குப் போயிட்டாங்களாம். வெறுங்கையோட வரலாமா, நீ வான்னு ஒரு வரி எழுதினா கப்பல் ஏறுறேன்னு கேட்டிருக்காங்க. புது விலாசம் கவரு பின்னாடி இருக்காம்."

"எந்த ஊருன்னு எழுதலியாக்கா?"

"அதான் கவருல இருக்குன்னு சொல்றேன்ல."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற வாத்தியார், வாய் வரவில்லை. "இருக்குக்கா, எழுதிக்கிறேன்" என்றேன். அவள் உள்ளே போனதும் கவரைப் பிரித்துப் பார்த்தேன். வெள்ளைக் காகிதம். தலையை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முத்திரையில் ஊர்ப்பெயர் இல்லாத ஒரு வளைவு மட்டும்தான் விழுந்திருந்தது.

அவள் எழுதித் தந்த கடிதத்தின் மேல், எரிந்துபோன அந்தக் கடையின் விலாசத்தை எழுதிப் போட்டேன். யாராவது தேடிக் கொடுத்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்தடுத்து மொத்தம் மூன்று கடிதம் எழுதினாள். மூன்றிலும் அதே விலாசம். சைகோனிலிருந்து திரும்பியவர்களிடம் எல்லாம் விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. ஒரு கடிதம் முத்திரை குத்தித் திரும்பி வந்தது. அதைப் பள்ளிக்கூடத்திலேயே தபால்காரரிடம் வாங்கிக் கிழித்துப் போட்டேன். அக்கா பிறகு எழுதுவதை விட்டாள். மச்சான் பேச்சை யாராவது எடுத்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு தகரப்பெட்டியோடு மச்சான் வந்து இறங்கினார். தலை முழுக்க நரைத்திருந்தது. சின்னவள் அவரைப் பார்த்து அழுதுகொண்டு என் பின்னால் ஒளிந்தாள். அக்கா சோறு வைத்தாள். இரண்டு கவளம் தின்றுவிட்டு, தட்டைப் பார்த்தபடியே அவர் கேட்டார்.

"வான்னு ஒரு வரி எழுதியிருக்கலாம்ல. வெறுங்கையா வர்றவன் எதுக்குன்னு நினைச்சிட்டே போலன்னு இருந்துட்டேன்."

அக்காவின் கையில் குழம்புக் கரண்டி அப்படியே நின்றது. வரச் சொல்லியும் வராத மனிதர் என்று இரண்டு வருஷம் அவரை நினைத்திருந்தவள் அவள். திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கும்பாவில் மிதந்த கவரைப் பார்த்துக்கொண்டிருந்த அன்றைக்கு அவளும் கருவேப்பிலை பறிக்க அந்தப் பக்கம் வந்து போனாள் என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அவளுக்கும் வந்திருக்க வேண்டும்.

"எழுதினேங்க. மூணு தடவ எழுதினேன்" என்றாள். பிறகு குழம்பை ஊற்றினாள். "சண்டைக் காலம், தபாலு தொலைஞ்சு போயிருக்கும்."

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மச்சான் கை கழுவிவிட்டு வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். உள்ளே புத்தம்புதிய தபால்தலைகள். அந்தப் புது ஊர்த் தபாலாபீசுக்குக் கடிதம் வந்திருக்கிறதா என்று கேட்கப் போன போதெல்லாம், வெறுங்கையோடு திரும்ப மனசில்லாமல் எனக்காக ஒவ்வொன்றாக வாங்கி வைத்தாராம்.