இரண்டு வீட்டிலும் இருந்த பெயர்

என் கணினித் திரை தொடுதிரை அல்ல. அது தெரியாமல் ஆச்சி தன் பெயரின் மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார். நான் மவுஸால் பெயரின் பக்கத்திலிருந்த கூட்டல் குறியைத் தட்டி அதன் கீழிருந்த கிளையைத் திறந்ததும், தன் விரலுக்குத்தான் திறந்தது என்று நினைத்துச் சிரித்தார். புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில், மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் என் அலுவலகத்துக்குத் திருமயம் பக்கத்து ஊரிலிருந்து கணவரோடு வந்திருந்தார். சென்னையிலும் சிங்கப்பூரிலுமாகச் சிதறிக் கிடந்த அவர்கள் குடும்பத்துக்கு நான் ஒரு வம்சவழி இணையத்தளம் செய்துகொண்டிருந்தேன்.

அந்தத் தளத்தின் உயிரே காம்பொனென்ட் என்கிற ஒரு சின்ன நிரல் துண்டுதான். ஒருவரின் பெயரை வரையும்; அவருக்குப் பிள்ளைகள் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் தன்னையே மறுபடி கூப்பிடும். பிள்ளை இல்லாத இடத்தில் நின்றுவிடும். சில வரிகள்தான், தலைமுறை தலைமுறையாக இழுத்துக்கொண்டு வந்துவிடும். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. ஆனால் என் நிரல் நிற்கிற இடத்தில் இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் நிற்பதில்லை. பிள்ளை இல்லாத வீட்டார் பங்காளி வீட்டிலிருந்து சுவீகாரமாகப் பிள்ளை கூட்டிக்கொள்வார்கள். அதன்பின் அவன் அந்த வீட்டு வாரிசு. பெற்ற வீட்டு வரிசையில் அவன் பெயர் வராது.

ஆச்சியின் இரண்டாவது மகனைச் சிறுவயதிலேயே கணவரின் அண்ணன் வீட்டுக்குச் சுவீகாரம் கொடுத்திருந்தார்கள். இது எனக்குத் தெரியாது. இரண்டு வீட்டாரும் விவரங்களைத் தனித்தனியே தந்தார்கள். ஆச்சி ஃபோனில் சொன்னபோது மூன்று மகன்கள் என்றே சொன்னார். பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருந்ததால் ஒரே ஆள் என்று நானும் சேர்த்துவிட்டேன். திறப்பதையும் மூடுவதையும் திரையில் பெயர் இருக்கும் இடத்தோடு கட்டாமல் ஆளோடு கட்டியது என் இன்னொரு தவறு. ஆகவே ஆச்சியின் கீழே அந்த மகனைத் திறந்தபோது, திரையின் மறுபக்கம் அவனைச் சுவீகாரம் எடுத்த பெரியப்பா வீட்டிலும் அவன் தானாகத் திறந்துகொண்டான்.

"என்ன தம்பி இது? அங்கிட்டுப் போன பிள்ளை இங்கிட்டு எப்படி வந்துச்சு? எடுத்துருங்க" என்றார் கணவர்.

"ஆள் ஒண்ணுதானேங்கய்யா, அதான் ரெண்டு எடத்துலயும் வருது. சரி பண்ணிர்றேன்."

ஆச்சி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அங்கிட்டு அவனுக்குக் கீழ ஒரு பேரு சேத்தா, எங்க வீட்டுலயும் வந்துருமா தம்பி?"

"வந்துரும் ஆச்சி."

"அப்ப சரி பண்ண வேணாம்" என்றவர், கணவரிடம் திரும்பினார். "கோயில் குடும்பக் கணக்குல அவன் அவுக பிள்ளைதான். நான் என்னைக்காச்சும் கேட்டேனா? இதுல மட்டும் இருந்துட்டுப் போகட்டுங்க."

கணவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். பிறகு என்னிடம், "யாரும் கேட்டா நீங்க தெரியாமப் போட்டதுன்னு சொல்லிருங்க தம்பி" என்றார். பழி என் தலையில் விழுந்தது. சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டேன்.

அதற்கப்புறம் தளம் கட்டப் பயன்பட்ட ஃபிரேம்வொர்க்கின் பதிப்புகள் மாறின. தளத்தைப் புதிதாகவே எழுதிவிட்டேன். இப்போதெல்லாம் பிள்ளைக்கு ஒரே ஒரு வீடுதான் என்று கட்டுப்படுத்துவது எனக்கு ஒரு வரி வேலை. அந்த வரியை மட்டும் நான் எழுதவில்லை.

போன மாதம் ஆச்சி கூப்பிட்டார். கணவர் இப்போது இல்லை. பேரன் வாங்கித் தந்த டேப்லெட்டில் தினமும் தளத்தைத் திறந்து பார்ப்பாராம்.

"தம்பி, என் ரெண்டாவது மகனுக்குக் கீழ புதுசா ஒரு பேரு தெரியுதே?"

பார்த்தேன். பெரியப்பா வீட்டிலிருந்து அன்று காலை யாரோ சேர்த்திருந்தார்கள். "பேத்தி பொறந்திருக்கா ஆச்சி. ஒங்களுக்குச் சொல்லலையா?"

"அங்கதானே மொதல்ல சொல்லுவாக" என்றார். "எழுத்துப் பொடிசா இருக்கு தம்பி. பேரை வாசிங்க."

வாசித்தேன்.

"இன்னொருக்க வாசிங்க" என்றார்.